பொட்டு வைத்த வைஃபை கார்டு

வைஃபை கார்டுப் பெட்டியின் மேல் அந்தப் பென்குவின் படம் மட்டும் இல்லாதிருந்தால் கஸ்தூரிக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. லினக்ஸில் ஓடும் என்று சொல்லத்தானே அந்தப் படம்? பின்னே எதற்கு, அழகுக்கா?

பழைய லேப்டாப்பில் விண்டோஸ் படுத்துவிட்டதால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு வைத்திருந்தாள். அடுத்து அதன் வைஃபையும் செத்தது. இன்று மாலை இணையத்தில் அவளுடைய முதல் டியூஷன் வகுப்பு. முதல் நாளே டீச்சரைக் காணோம் என்றால் பத்து பாகாட் ஊரில் எந்தப் பெற்றோர் மறுநாள் பிள்ளையை உட்கார வைப்பார்கள்? அதனால்தான் வாரக்கணக்கில் தேடி, லினக்ஸ்காரர்கள் எல்லோரும் சொருகினால் போதும் என்று புகழ்ந்த அதே மாடலை சோமுவின் கம்ப்யூட்டர் கடையில் வாங்கினாள். வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் செய்வதுபோல, கணவன் விஜயன் அதையும் சாமி மேடையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத்தான் கையில் கொடுத்தான்.

சொருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருந்த தாளைப் பார்த்தால், இதற்கான மென்பொருளை இணையத்தில் இறக்கிக்கொள்ளவும் என்கிறது. இணையம் வேண்டும் என்றுதானே ஐயா இதை வாங்கியதே! போனில் மிச்சமிருந்த கொஞ்சம் டேட்டாவில் இறக்கி ஏற்றினாள், அதுவும் பலிக்கவில்லை. துருவித் துருவிப் படித்தபோதுதான் அநியாயம் புரிந்தது. பெயர் அதே, பெட்டி அதே. கம்பெனிக்காரன் உள்ளே இருக்கும் சிப் சில்லை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டான். படத்தை எடுக்கத்தான் அவனுக்கு மனம் வரவில்லை.

லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். சோமு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தனம்லாம் வச்சிட்டீங்களே, டீச்சர். இது யூஸ்ட் சாமான் லா. திருப்பி எடுக்க முடியாது."

கஸ்தூரிக்கு உச்சி கொதித்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் அவர் பில் போடும் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் நெற்றியில் பொட்டு. அதில் சொருகியிருந்த வைஃபை கார்டிலும் காய்ந்துபோன பொட்டு. உற்றுப் பார்த்தாள். அதே மாடல்; மேலே அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தால், சில்லை மாற்றுவதற்கு முன்னால் வந்தது.

"அண்ணே, அதக் கழட்டி என்னோடதுல சொருகுங்க."

சோமு தயங்கினார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், வேறு வழியில்லாமல் கழற்றிச் சொருகினார். சொருகிய கையை எடுப்பதற்குள் லேப்டாப் கடையின் பாஸ்வேர்டைக் கேட்டது. அவளுடைய புதுக் கார்டு அவருடைய விண்டோஸில் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. மாற்றிக்கொள்ளலாம் என்று சோமு தானாகவே சொன்னார்.

"என் கார்டு அதே பொட்டு வச்ச சாமான்தானே அண்ணே? இப்ப மட்டும் எப்படி எடுத்துக்கிட்டீங்க?"

அவர் பில் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார். கஸ்தூரி மேசையில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்தாள். அலமாரிக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த அதே பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பென்குவின் மேல் கறுப்பாகக் கோடு போட்டு அடித்தாள். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது.