பேப்பர் மில் ஸ்டாப்பில் ஏறுகிறவர்

பிரையனி வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்காமல் இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. ஆனாலும் பர்னி என்கிற அந்தத் துறைமுக ஊரில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அம்மா ஷெரில் டவுன் பஸ் ஓட்டுகிறவள். சாயங்காலம் அவள் உருளைக்கிழங்கு தோல் சீவும்போது பிரையனி ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பெயர் சொல்வாள். அங்கே யார் ஏறினார்கள் என்று அம்மா சொல்ல வேண்டும். வரிசை மாறக் கூடாது, ஒன்றையும் விடக் கூடாது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இருந்த ஒரே ஊர்சுற்றல் அதுதான்.

பிறவியிலிருந்தே அவளுக்கு ஆட்டிசம். அதோடு அவளுக்குச் சண்டை எதுவும் இல்லை. பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய்தான் அவளை வீட்டுக்குள் முடக்கிப் பாடாய்ப் படுத்தியது. தன் கையிலிருக்கும் கிருமி அம்மாவைக் கொன்றுவிடும் என்று பயம். தோல் உரியக் கழுவிவிட்டு, "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பாள். "ஒண்ணும் ஆகாதுடா செல்லம்" என்பாள் ஷெரில். கை ஈரம் காய்வதற்குள் மறுபடி அதே கேள்வி.

பிரையனியின் மனநல ஆலோசகர் ஷெரிலிடம் போனில் சொன்னார்: "நீங்க சொல்ற ஒவ்வொரு பதிலும் அந்தப் பயத்துக்குப் போடுற தீனி. இனிமே பதில் சொல்லாதீங்க. பக்கத்துல மட்டும் இருங்க."

ஷெரிலுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. உப்பைக் குறைக்கச் சொன்னால் உப்பு ஜாடியையே குப்பையில் போடுகிற ரகம். பக்கத்தில் இருக்கச் சொல்லி ஆலோசகர் கடைசியில் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அன்று சாயங்காலம் பிரையனி, "துறைமுக வாசல்" என்று ஆரம்பித்ததும் சீவுவதை நிறுத்தினாள்.

"இதுவும் அந்த ஓ.சி.டி.தானே? தினம் அதே கேள்வி, அதே வரிசை. நான் சொல்ல மாட்டேன்டா. உன் நல்லதுக்குத்தான்."

"இது அது இல்லம்மா."

"அதுவும் அப்படித்தான் சொல்லும்."

இதற்குமேல் ஒருத்தி என்னதான் பேசுவது? பிரையனி எழுந்து தன் அறைக்குப் போனாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் டிவியில் ஓடும் ஃபுட்டி பந்தாட்டச் சத்தம் மட்டும்தான். வேலை முடிந்து வந்த அலுப்பில் அம்மா ஹீட்டர் பக்கத்தில் தூங்கிப்போவாள். ஜன்னலில் பக்கத்து வீட்டு வேலியும் குப்பைத் தொட்டியும் தெரிந்தன. பேப்பர் மில் ஸ்டாப்பில் ஏறும் நெவில் கிழவர் என்ன ஆனார்? சண்டை போட்ட தங்கச்சியைப் பார்க்கக் கிளம்பி, அவள் வீட்டு ஸ்டாப் வந்ததும் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிற மனுஷர். இறங்கினாரா இல்லையா? கேட்க ஆள் இல்லை. ஊரே அவளை விட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது. போர்வைக்குள் முகத்தை வைத்து அழுதாள்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா கிழங்கோடு உட்கார்ந்ததும் பிரையனி குழாயடிக்குப் போனாள். ஒரே ஒரு தடவை கை கழுவினாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். மறுபடி குழாய்ப் பக்கம் போகப் பார்த்த கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"இப்ப பாரும்மா. மறுபடி கழுவணும்னு இழுக்குது. உன்னைக் கேக்கலைன்னா நீ செத்துப்போயிடுவேன்னு உள்ள ஒண்ணு கத்துது. இதுதான் அது."

ஷெரில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"துறைமுக வாசல்ல யார் ஏறினாங்கன்னு நீ சொல்லலைன்னா யாரும் சாக மாட்டாங்க. ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் யாருமே இல்லாமப் போகும். அவ்வளவுதான்."

ஷெரில் புறங்கையால் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"துறைமுக வாசல்ல..." மறுபடி கத்தியை எடுத்தாள். "அந்த நர்ஸ் பொண்ணு. முடியைப் பச்சையாக்கி வச்சிருக்கு, பாக்கச் சகிக்கல."

"கல்லறை மூலை."

"ஒருத்தரும் ஏறல. ஏறினாத்தான் பயம்."

"பேப்பர் மில்."

"நெவில் ஏறினாரு. இன்னிக்கும் இறங்கல."

"மண்டு."

"சரியான மண்டு."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பிரையனிக்கு உள்ளே அந்தக் கத்தல் இன்னும் ஓயவில்லை. கடைசி ஸ்டாப் முடிந்ததும் பிரையனியால் அடக்க முடியவில்லை.

"அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

ஷெரில் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் சாஸேஜ் கருகும் வாசனை வந்தது. அவள் பதிலும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.