வராதவர்கள் கணக்கு

அந்த டிப்போவில் விசில் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். விசிலை வாயில் வைக்காமல், வெறும் தொண்டையாலேயே ஓடுகிற பஸ்ஸை நிறுத்திவிடுவாள் என்று டிரைவர்கள் வைத்த பெயர் அது. கூட்டம் பிதுங்கும் நேரத்தில் பின்வாசலில் நின்றபடி, "உள்ள போங்க, நடுவுல என்ன ஓட்டப்பந்தயமா நடத்தப்போறீங்க, இடம் விட்டு நிக்கிறீங்க?" என்று ஒரு அதட்டு போட்டால், இல்லாத இடமும் எங்கிருந்தோ முளைக்கும்.

அவள் முதல்முறையாக விமானத்தில் போகத் துணிந்தது மகனுக்காக. ஒரே மகன். சரக்குக் கப்பலில் சமையல்காரன். நேரில் பார்த்துப் பதினாலு மாசம் ஆகிறது. நாலு நாளைக்கு முன்னால் அவனிடமிருந்து சேதி வந்தது: கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது, பதினொரு மணியிலிருந்து ரெண்டு மணி வரை வெளியே போக அனுமதி, அதை விட்டால் மறுபடி எட்டு மாசம் கடல்தான். பஸ்ஸில் போய் வர ரெண்டு நாள் வேண்டும். அவளுக்குக் கிடைத்த லீவோ ஒரே நாள். யோசிக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

எட்டே முக்காலுக்கு விமானம். ஐந்தரைக்கே போய் நின்றாள். பெட்டியெல்லாம் கிடையாது, தோளில் ஒரு பை, அதில் மகனுக்கு நாலு பருத்திச் சட்டை. கவுன்ட்டரில் இருந்த பெண் நீட்டிய அட்டையைப் பார்த்ததும் கண்டக்டர் கண்ணுக்குச் சுருக்கென்றது. எல்லாம் இருந்தது, சீட் நம்பர் மட்டும் இல்லை.

"சீட் நம்பர் எங்கம்மா?"

"கேட்ல குடுப்பாங்க மேடம்."

புது இடம், புது வழக்கம், நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த விமான நிலையத்தில் அவள் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

ஏழாம் நம்பர் கேட் முன்னால், கண்ணாடிச் சுவரை ஒட்டின நாற்காலியில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எட்டேகாலுக்கு வரிசை நகர ஆரம்பித்தது. அவள் முறை வந்ததும் மிஷின் பீப் என்று கத்திச் சிவப்பு விளக்குக் காட்டியது. அங்கே நின்ற பெண், சின்ன வயசு, கழுத்தில் ஸ்கார்ஃப், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தூங்குகிற குழந்தையோடு ஒரு குடும்பம் போனது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டியபடி ஒருத்தன் போனான். கடைசி நிமிஷத்தில் காபி டம்ளரோடு மூச்சிரைக்க ஓடிவந்தவன்கூடப் போனான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இப்ப ஓடிவந்தவன் போறான். விடியக்காலம் வந்தவ ஓரமா நிக்கிறேன். இது என்ன கணக்கு?"

"ஸாரி மேடம். ஃப்ளைட் ஃபுல் ஆயிடுச்சு. உங்கள மதியம் ஒன்றரை மணி ஃப்ளைட்ல அனுப்புறோம்."

"ஃபுல் ஆச்சுன்னா? நான் டிக்கெட் வாங்கியிருக்கேனே!"

"டிக்கெட் இருக்கு மேடம். சீட்தான் இல்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளிடம் எத்தனையோ சாக்குச் சொல்லியிருக்கிறார்கள். சில்லறை இல்லை, டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது, தூங்கிப்போய்விட்டேன். இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை.

"என் பஸ்ஸுல சீட் இல்லன்னா நின்னுக்கிட்டாவது வரலாம்மா. இங்க அதுக்கும் வழி இல்ல. அப்புறம் எதுக்கு டிக்கெட் வித்தீங்க?"

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டாள். கோட்டுப் போட்ட ஒரு மனிதர் வந்தார். சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார், கடைசிவரை அதைக் கழற்றவே இல்லை.

"மேடம், எல்லா ஏர்லைன்ஸ்லயும் இருக்கறதுதான். நூத்தி எண்பது சீட்டுக்கு நூத்தி எண்பத்தஞ்சு டிக்கெட் குடுப்போம். எப்பவும் நாலஞ்சு பேர் வரமாட்டாங்க. இன்னிக்கு எல்லாரும் வந்துட்டாங்க."

"வரமாட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க. சரி. வந்து நிக்கிறவ என்ன பண்ணணும்?"

"அதுக்குத்தான் அடுத்த ஃப்ளைட் தர்றோம். சாப்பாட்டுக்குக் கூப்பனும் உண்டு."

"தம்பி, என் பையன் கப்பல்ல இருக்கான். ரெண்டு மணி வரைக்கும்தான் வெளிய விடுவாங்க. ஒன்றரைக்கு நான் இங்க கிளம்பி, மூணு மணிக்கு அங்க இறங்கி, யாரைப் பாக்க? கடலைப் பாக்கவா?"

"புரியுது மேடம்."

"புரியலப்பா. புரிஞ்சிருந்தா இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கமாட்ட."

அவர் அப்போதும் சிரித்தார். "ரூல்ஸ் மேடம். கம்ப்யூட்டர்தான் செலக்ட் பண்ணுது. எங்க கைல ஒண்ணும் இல்ல."

அவள் விசாரித்ததில் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கூடுதலாக டிக்கெட் விற்ற அஞ்சு பேரில் நாலு பேர் நேற்றே வேறு விமானத்துக்கு மாறிக்கொண்டார்களாம். மிச்சம் ஒரு தலை. தனியாக வருகிறவர், பெட்டி போடாதவர், அடிக்கடி பறக்காதவர் யார் என்று கம்ப்யூட்டர் தேடியதாம். இவள் சிக்கினாள். கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

"உள்ள யாரையாவது கேட்டீங்களா? யாராவது இறங்கிக்கிறாங்களான்னு?"

கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் இப்ப டைம் இல்ல மேடம்."

"உங்களுக்கு டைம் இல்லன்னா நான் கேக்குறேன்."

விமானத்துக்குப் போகிற நீளப் பாதையில் இன்னும் ஒரு நாற்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். விசில் அக்கா கேட்டின் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். சட்டத்தை மீறவில்லை. தொண்டையைச் செருமினாள். அப்புறம், நிரம்பி வழிகிற பஸ்ஸின் பின்வாசலிலிருந்து முன்வாசல் டிரைவருக்குக் கேட்கிற அதே குரலை எடுத்தாள்.

"ஐயா, அம்மா, எல்லாரும் ஒரு நிமிஷம்! எங்கிட்ட டிக்கெட் இருக்கு, இவங்ககிட்ட சீட் இல்லையாம். பதினாலு மாசம் கழிச்சு என் மகனைப் பாக்கப் போறேன். ரெண்டு மணிக்குள்ள போகலன்னா அவன் கப்பலுக்குப் போயிடுவான். அவசரம் இல்லாதவங்க யாராவது ஒருத்தர் மத்தியான ஃப்ளைட்ல வர முடியுமா? பிச்சை கேக்கல. உதவி கேக்குறேன்."

ஸ்கார்ஃப் போட்ட பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டுக்காரர் "மேடம், மேடம்" என்று கையை ஆட்டினார். வரிசையில் சிலர் போனில் மூழ்கினார்கள், சிலர் கூரையில் எதையோ தேடினார்கள். ஒருத்தரும் அசையவில்லை. இவ்வளவு பேர் நடுவில் இப்படிக் கத்திவிட்டோமே என்று கூச்சம் கால்வரை இறங்கியது.

அப்போது பாதையின் நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கனத்த உடம்பு, வியர்த்த முகம், ஐம்பது வயசிருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி நடந்து வந்தார். கட்டில், மேசை, நாற்காலி செய்து விற்கிற கடைக்காரராம்.

"அக்கா, நீங்க போங்க. நான் என் மச்சான்கிட்ட திட்டு வாங்கத்தான் போறேன். மத்தியானம் போனா, அதுக்குள்ள அவர் பாதி கத்தி முடிச்சிருப்பார். எனக்கும் லாபம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். கோட்டுக்காரர் கடைக்காரரின் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். போனில் யாரிடமோ பேசினார். பேசிவிட்டு, தூணருகே சூட்கேசோடு நின்றிருந்த ஒரு சீருடைக்காரரைக் கூப்பிட்டு, "போங்க கேப்டன், சீட் கிடைச்சிடுச்சு" என்றார்.

விசில் அக்கா தன் காதையே நம்பவில்லை. "யாருக்கு சீட் கிடைச்சுது?"

"மேடம், இவர் எங்க பைலட். அங்கிருந்து வேற ஃப்ளைட் ஓட்டணும். ஸ்டாஃப் வந்தா அவங்களுக்குத்தான் முதல் இடம். இது கம்பெனி ரூல்."

அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் வெடித்தார்.

"யோவ், நான் இந்த அக்காவுக்குத்தான்யா இறங்கினேன், உன் கம்பெனிக்கு இல்ல! நான் குடுத்த சோத்தை நீ எடுத்து உன் வீட்டு ஆளுக்குப் பரிமாறுவியா? சரி, நான் இறங்கவே இல்ல. என் சீட்டை எனக்குக் குடு. பதினேழு சி. நான் போய் உக்காந்துக்கிறேன்."

"சார், நீங்க ஏற்கெனவே கேன்சல்..."

"அப்ப என் பெட்டி? அது உங்க விமானத்து வயித்துக்குள்ள இருக்கே. நான் வராம அது மட்டும் பறக்குமா?"

அந்த ஒரு கேள்வியில்தான் கோட்டுக்காரரின் சிரிப்பு முதல்முறையாக ஆட்டம் கண்டது. ஆள் இல்லாமல் பெட்டி போகக்கூடாது. பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். எந்தப் பெட்டி, எந்த மூலை என்று தேட வேண்டும். விமானம் எப்படியும் நிற்கப்போகிறது. இதற்குள் வரிசையில் நின்றவர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு தாய், "அந்தம்மா ஏறாம நாங்களும் ஏறமாட்டோம்" என்றாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கூரையைப் பார்த்தவர்கள்தான் இப்போது அதிகமாகக் கத்தினார்கள். விசில் அக்காவுக்கு அதிலும் எரிச்சல். இதை அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

கடைசியில் பேச்சை முடித்துவைத்தது அந்த பைலட். இவ்வளவு நேரமும் தலையைக் குனிந்து நின்றிருந்தவர், "காக்பிட்ல கூடுதலா ஒரு மடக்கு சீட் இருக்கு, நான் அதுல உக்காந்துக்கிறேன்" என்றார்.

விசில் அக்கா அவரையே பார்த்தாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"யாரும் என்னைக் கேக்கல மேடம்."

பெட்டியை இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் பெட்டி கீழே வருவதைக் குழந்தை மாதிரி வேடிக்கை பார்த்தார். அவரிடம் நன்றாக ஒரு வார்த்தை பேசலாம் என்று இவள் திரும்பியபோது, "ஏறுங்க மேடம், ஏறுங்க" என்று விரட்டினார்கள். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.

விமானம் கிளம்பும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பதினேழு சி-யில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மேகம் தெரிகிறது என்று பக்கத்தில் இருந்தவர் காட்டினார். அவள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி, டாக்ஸி பிடித்து, துறைமுகத்தின் மூன்றாம் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. மகன் கடைக்கு வெளியே தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். மெலிந்திருந்தான், கறுத்திருந்தான். அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"வரமாட்டியோன்னு நெனச்சேன்மா."

அவ்வளவுதான். அணை உடைந்தது. சிவப்பு விளக்கிலிருந்து ஆரம்பித்தாள். ஸ்கார்ஃப் பெண், கோட்டுக்காரர், அவருடைய சிரிப்பு, கம்ப்யூட்டர், கூரையைப் பார்த்தவர்கள், கேப்டன், மடக்கு சீட், ஒன்றையும் விடவில்லை. டீ வந்து ஆறி ஆடை கட்டியது. "டிக்கெட் இருக்கு, சீட்தான் இல்லன்னு சொல்றாடா! எப்படி இருக்கும் எனக்கு? நான் சும்மா விடப்போறதில்ல. எழுதிப் போடப்போறேன். நாளைக்கே..."

"அம்மா."

"இருடா, இன்னும் கேளு. அந்தக் கோட்டுக்காரன்..."

"அம்மா, மணி ஒன்றரை. நான் ஒண்ணு அம்பதுக்கு கேட்டுக்குள்ள இருக்கணும்."

அவள் சட்டென்று நிறுத்தினாள். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷத்தை அந்த விமானக் கம்பெனிக்குத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நான் ஒரு கிறுக்கி. உன்னை ஒரு வார்த்தை கேக்கல."

"பரவாயில்ல. உன் குரலைக் கேட்டே எத்தனை நாளாச்சு" என்று அவன் சிரித்தான்.

அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் நீளமாக ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது.

"இது எப்ப?"

"அலை பெருசா இருந்துச்சும்மா. எண்ணெய்ச் சட்டி நகர்ந்துடுச்சு. ஆறிப்போச்சு."

"போன்ல சொல்லவே இல்லையே நீ?"

"சொன்னா நீ கப்பலை நிறுத்திடுவியே."

அவள் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "சரி, நீ சொல்லு. ராத்திரி தூக்கம் வருதா? கூட இருக்கறவங்க நல்லவங்களா? முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். மீதி இருந்த நேரம் முழுக்க விசில் அக்கா வாயைத் திறக்கவில்லை.