இரண்டுக்கு முன்னால் மூன்று

லோட்ஷீட் என்பது ஒரு தாள். விமானத்தில் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எந்தச் சரக்கு அறையில் எவ்வளவு எடை, அந்த எடை முன்பக்கம் சாய்கிறதா பின்பக்கம் சாய்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கதவு மூடுவதற்கு முன் அதை யாராவது விமானிகள் உட்காரும் காக்பிட்டுக்குள் எடுத்துப்போக வேண்டும். கேப்டன் படித்துக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைக் கிழித்துக் கொடுப்பார். இரண்டு நிமிஷ வேலை. பதினாறு வருஷமாக அவள் வேலைக்கு வந்ததே அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான்.

அவளை எல்லோரும் தாளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விமானநிலையத் தளத்தில் சுமைக்கணக்குப் பார்ப்பவள். அதற்கு முன் அவள் ஒரு பறக்கும் பள்ளியில் படித்தாள் என்பது கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பாதிப் படிப்பில் உள்காதில் ஒரு கோளாறு தெரிந்தது. எப்போதாவது, எச்சரிக்கை இல்லாமல், தலை சுற்றும். "தரையில இருந்தீங்கன்னா நூறு வயசு வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

காக்பிட்டில் அவளுக்கென்று இருந்த இடம் இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், குனிந்து நிற்கும் அளவுக்கு. சூடேறிய கருவிகளின் வாடையும் யாரோ பாதி குடித்த காப்பியின் வாடையும் கலந்து வரும். முன்கண்ணாடி வழியாகத் தளத்தின் மஞ்சள் கோடு நேராக வந்து விமானத்தின் மூக்குக்குக் கீழே மறையும். கேப்டன் எண்களைப் படிக்கும்போது அவள் கால்கள் ஷூவுக்குள் மெல்ல அழுந்தும், இடது, வலது, இடது. பெடல் மிதிக்கிற பழக்கம். அதை யாரும் பார்த்ததில்லை. கீழே யார் பார்ப்பார்கள்?

முதலில் வரைபடங்கள் போயின. ஒவ்வொரு கேப்டனும் தூக்கிக்கொண்டு அலைந்த பதினெட்டு கிலோ பை ஒரே மாதத்தில் காணாமல் போய், தட்டையான டேப்லெட் ஒன்று வந்தது. கேப்டன்களின் தோள் நிமிர்ந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள். அந்தப் பைமேல் அவள் பலமுறை தடுக்கி விழப்போயிருக்கிறாள். பிறகு கையேடுகள் போயின. பிறகு ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஒருவர் அறிவித்தார்: "லோட்ஷீட்டும் இனி டேப்லெட்லதான். நீங்க கீழ இருந்தே அனுப்பலாம். படி ஏறி மூச்சு வாங்க வேண்டியதில்ல." எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பெட்டி ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி அன்று மாலையே ஆரம்பித்துவிட்டார். "தாளு போச்சே! இனி வெறும் அக்காதானா?"

"உங்க முதுகு போனா நீங்க வெறும் மேஸ்திரியா? அப்பவும் வாய் இருக்கும்ல."

வீட்டில் சாப்பிடும்போது அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மகள் ப்ளஸ் டூ. "அம்மாவுக்கு டேப்லெட் பயம்பா. போன்ல போட்டோ அனுப்பவே நான் வேணும்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவன். மகள் எழுந்து போன பிறகு கேட்டான். "அங்க என்னதான் இருக்கு? ரெண்டு சீட்டு, நாலு ஸ்விட்சு."

"நாலு இல்ல."

"சரி, நானூறு. உனக்கு ஒண்ணையும் தொட விடமாட்டாங்க."

"தொடணும்னு நான் சொல்லலையே."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த மூன்று வாரம் அவள் படிக்கட்டு வண்டியின் அடியில் நின்று அனுப்பினாள். எண்களை நிரப்பி, மேலே பதிப்பு எண்ணைத் தட்ட வேண்டும். முதல் ஷீட் ஒன்று. கடைசி நேரத்தில் ஏதாவது மாறினால் அடுத்தது இரண்டு. அனுப்பினால் பச்சை டிக் வரும். அவ்வளவுதான். தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் காக்பிட் ஜன்னல் இருக்கும். வெயில் பட்டு அது கண்ணைக் கூசும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

நாலாவது வாரம் கைதவறி ஒன்றுக்குப் பிறகு மூன்றைத் தட்டிவிட்டாள். மேலே கேப்டனின் திரை சிவந்தது: எண் இரண்டு வரவில்லை. விதிப்படி அச்சடித்த தாள் போயாக வேண்டும். "யாராவது மேல கொண்டாங்க" என்று அழைப்பு வந்தது. அவள் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். குனிந்து நின்றாள். மஞ்சள் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இறங்கி வந்தபோது, தான் யாரையோ ஏமாற்றிவிட்டது போலவும் அதில் தனக்கு வருத்தமே இல்லாதது போலவும் இருந்தது.

அதற்கப்புறம் கை தவறவில்லை. அவளே செய்தாள். வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இருமுறை. நேரம் மிச்சமிருக்கும் விமானமாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள். எடைகளில் ஒரு கிலோகூட மாற்றமாட்டாள், அதில் மட்டும் கறார். பொய் சொன்னது அந்த ஒரு எண் மட்டுமே. எண் பொய்யென்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மேஸ்திரிக்குக் கண் கூர்மை. "ஒண்ணு, மூணு... உங்க வாத்தியார் ரெண்டு சொல்லிக்குடுக்காமலே ரிட்டையர் ஆயிட்டாரா?"

"மெஷின் கோளாறு."

"மெஷினுக்கு உங்க ஷிப்ட்லதான் கோளாறு வருது."

அவள் டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நடந்தாள்.

இப்படி இரண்டு மாதம் போனது. கேப்டன்கள் சும்மா இருக்கவில்லை. திரை அடிக்கடி சிவக்கிறது, நேரம் வீணாகிறது என்று எழுதிப் போட்டார்கள். மேலிடம் மென்பொருளை மாற்றியது. அதைப் பற்றிய சுற்றறிக்கை ஒரு காலையில் அவள் டேப்லெட்டில் வந்தது. அவள் படிக்காமலே "படித்தேன்" என்ற கட்டத்தைத் தட்டினாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

அன்று மதியம் நல்ல வெயில். எல்லா இருக்கையும் நிரம்பிய விமானம், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். கேப்டனை அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். எதைச் சொல்வதானாலும் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார் என்பதால் கனைப்புக் கேப்டன். அவள் ஷீட்டை முடித்து ஒன்று என்று அனுப்பினாள். கொஞ்சம் பொறுத்து, அதே கணக்கை மூன்று என்று அனுப்பினாள். தாளை முன்கூட்டியே அச்சடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாள். படியடியில் நின்று காத்திருந்தாள்.

அழைப்பு வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள்.

அப்போது பின்பக்கமிருந்து மேஸ்திரி ஓடிவந்தார். "பின் அறையில பெரிய சரக்குப் பெட்டி ஒண்ணு ஒழுகுது. என்ன திரவமோ தெரியல. இறக்கிட்டேன்."

"எவ்வளவு?"

"ஆயிரத்து நூறு கிலோ. நீங்க கணக்கை மாத்துங்க, நான் கதவை மூடறேன்."

அவள் மாற்றினாள். பின்பக்கம் குறைந்தால் மூக்கு கனக்கும், சாய்வு எண் மாறும். எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். அவசரத்தில் விரல் தானாக இரண்டு என்று தட்டியது. உண்மையில் அது இரண்டாவது ஷீட்தானே. பச்சை டிக் வந்தது. படிக்கட்டு வண்டி விலகியது. டிராக்டர் விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கியது.

மேலே ஏன் கூப்பிடவில்லை என்ற குறுகுறுப்பு மட்டும் அவளுக்குப் போகவில்லை. காலையில் வந்த சுற்றறிக்கையை அப்போதுதான் திறந்தாள். நாலே வரி. எண்களுக்கிடையில் இடைவெளி இருந்தாலும் இனி எச்சரிக்கை வராது, இருப்பதில் பெரிய எண்ணே செல்லும்.

பெரிய எண் மூன்று. மூன்றில் இருப்பது பழைய கணக்கு. இரண்டை அந்த இயந்திரம் பழசென்று ஓரங்கட்டியிருக்கும். பயணிகள் எண்ணிக்கை மாறாததால் மேலே யாருக்கும் சந்தேகம் வராது. இறங்கிவிட்ட பெட்டி இன்னும் பின்னால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கேப்டன் ஓடுபாதைக்குப் போவார். நாலாம் எண் போட்டு அனுப்பப் பார்த்தாள். விமானம் நகர்ந்ததும் காக்பிட் டேப்லெட்டின் தரைத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

ஓடினாள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமானத்தோடு நடந்துகொண்டிருந்த தள மெக்கானிக்குக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க! அவர்கிட்ட இருக்கிறது தப்பான ஷீட்!"

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் பேசினார். டிராக்டர் நின்றது. காதில் வந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "திரும்ப உள்ள வர்றாங்களாம். உங்களை மேல வரச் சொல்றார்."

விமானம் திரும்பி வந்து படிக்கட்டு வண்டி சேர்ந்ததும், புதிதாக அச்சடித்த தாளோடு படி ஏறினாள். துணை விமானி, முப்பது வயதிருக்கும் பெண், எண்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டினாள். கேப்டன் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கனைத்தார்.

"பழைய கணக்குல போயிருந்தாலும் மூக்கைத் தூக்கியிருக்கும். ஆனா லேட்டா. ஓடுபாதையில எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் கண் அந்த இரண்டு கணக்கிலும் மாறி மாறிப் போனது.

"மூணு முதல்ல வந்திருக்கு, அப்புறம் ரெண்டு. மெஷின்தானே?"

"மெஷின்தான் சார்" என்று துணை விமானி முந்திக்கொண்டாள். "ரெண்டு மாசமா இதே தொல்லை."

கேப்டன் பேனாவைத் திறந்தார். "போன மாசமே எழுதினேன். இதையும் எழுதினா பழையபடி தாளுக்கே போயிடுவாங்க. எனக்கும் அதுதான் தேவலாம்."

தாளுக்கே. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பின்னால், திரைக்கு அப்பால், யாரோ ஒரு பயணி ஏன் தாமதம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பணிப்பெண் இதோ கிளம்பிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் இல்ல சார். நான்தான்."

"தப்பா தட்டிட்டீங்களா? நடக்கறதுதான்."

"தப்பா இல்ல. தெரிஞ்சேதான் தட்டினேன். மூணுன்னு போட்டா நீங்க தாள் கேப்பீங்க. நான் மேல வரலாம்."

துணை விமானியின் விரல் நின்றது. கேப்டன் முதன்முறையாகக் கனைக்காமல் பேசினார். "மேல வந்து?"

"ஒண்ணுமில்ல சார். நிக்க."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னாள்: "நானும் ஓட்டிட்டிருந்தேன். காது சரியில்லன்னு நிறுத்திட்டாங்க."

"எத்தனை மணி நேரம்?"

"நாப்பத்தேழு."

"தனியா?"

"ஒன்பது."

அவர் தலையை ஆட்டினார். விமானிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது. ஆனால் அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. பிறகு அவர் தாளில் கையெழுத்துப் போட்டு நகலைக் கிழித்துக் கொடுத்தார்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதியாகணும்மா."

"எழுதுங்க சார்."

"இறங்குங்க. இருபது நிமிஷம் லேட்டு."

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. ஜன்னலில்லாத அறை, மூன்று பேர், தண்ணீர்ப் பாட்டில்கள். தளத்திலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை, தானாகவே நிறுத்தச் சொன்னாள் என்பதற்காக. தொலைந்த பெட்டிகளைத் தேடித்தரும் பிரிவில் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்தான் தெரியும். கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நிறுத்தினியே, அது போதும்" என்றான். அதற்குமேல் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

அந்த அறையில் கடைசியாக, நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இனி இப்படிச் செய்ய மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. முடிச்சுக்கலாம்."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

"இனி செய்ய முடியாதுன்னு எழுதட்டுமா சார்? அது உண்மை."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர், செய்ய மாட்டேன் என்றே எழுதும்படி, கொஞ்சம் தணிந்த குரலில் மறுபடியும் சொன்னார். அவள் எழுதினாள்.