நேர்த்தி முடி

மொட்டை போட்டு அன்றோடு தொண்ணூற்றாறு நாள். முடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் வளரும் என்பது யசோதினிக்குத் தெரியும். பெருக்கிப் பார்த்தாள். முப்பத்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். தலையின் ஓரங்களில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. உச்சியில் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று இடங்களில் மட்டும் விடை பூச்சியம்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இதைப் புழுவெட்டு என்பார்கள். புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. நோயை அடிக்க உடம்பு வைத்திருக்கும் படை, ஆள் தெரியாமல் சொந்த முடியின் வேரையே அடிக்கிறது. யாருக்கும் தொற்றாது. இதை அவள் அம்மா பாலம்மாவுக்கு மூன்று தரம் விளக்கினாள். பாலம்மா மூன்று தரமும் கவனமாகக் கேட்டுவிட்டு, சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தாள்.

வெங்காயம் தோற்ற பிறகு இருவரும் கண்டியில் ஒரு சலூனுக்குப் போய் மிச்ச முடியையும் எடுத்தார்கள். ஹந்தானைக்குத் திரும்பி, லயத்துக்கு ஏறும் படியருகே வந்ததும் பாலம்மா நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, மகளின் மொட்டைத் தலை முழுக்கச் சந்தனத்தை அப்பினாள்.

“என்னம்மா இது?”

“பேசாம வா.”

குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“புள்ளைக்குத் தண்ணி சோதிக்கிற லேப்ல வேல கெடச்சதுல்ல? அதுக்கு நேர்த்தி. முடி எறக்கிட்டு வர்றோம்” என்றாள் பாலம்மா, கொஞ்சமும் கூசாமல்.

“இடுப்பு வரைக்கும் கெடந்த முடி. எப்பிடித்தான் மனசு வந்துச்சோ!” என்று ஒருத்தி யசோதினியின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலு பேர் கூடி நின்றாலே யசோதினிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றும் ஒட்டிக்கொண்டது.

பொய் நன்றாகவே வேலை செய்தது. மறுமாதமே ஹேவாஹெட்டவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மோகனராஜ், அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவனுடைய அம்மாவுக்கு, பெண்ணின் பட்டத்தையும் சம்பளத்தையும்விட அந்த மொட்டைதான் பிடித்தது. “இந்தக் காலத்துல படிச்ச புள்ள முடி குடுக்குதுன்னா சும்மாவா?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாளாம்.

யசோதினிக்கு மோகனராஜைப் பிடித்தது. புதன்கிழமை தவறாமல் போன் எடுத்துப் பேசுவான். “இன்னைக்குத் தட்டுல எத்தன கிருமி முளைச்சுது?” என்பான். அவள் எண்ணைச் சொல்வாள். அது பகா எண்ணா இல்லையா என்று அவன் சொல்வான். அவ்வளவுதான் பேச்சு. அது அவளுக்குப் போதுமாயிருந்தது. அதனால்தான் சொல்வதற்கு அத்தனை பயம்.

அந்தத் தொண்ணூற்றாறாம் நாள், சனிக்கிழமை, கண்டியில் தோல் டாக்டர் ஃபாஸிலிடம் போனாள். அவர் பூதக்கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“மூணு வழி இருக்கு மிஸ். ஒண்ணு ஊசி. கொட்டின எடத்துல சின்னச் சின்னதாக் குத்துறது. மாசம் ஒருக்கா, முப்பது நாப்பது குத்து வரும். நோகும். மெதுவாத்தான் முளைக்கும்.”

“மாத்திரை?”

“அது வீரியமான மருந்து, தலை முழுக்கக் கொட்டினவங்களுக்கு யோசிக்கிறது. நீங்க அந்த அளவுக்கு இல்ல. கட்டாயம் வேணும்னா பாக்கலாம். அடிக்கடி ரத்தம் சோதிக்கணும். புள்ளை பெத்துக்க நினைச்சா முன்கூட்டியே நிப்பாட்டணும். நிப்பாட்டினா திரும்பக் கொட்டவும் கூடும்.”

“மூணாவது?”

“இப்பிடியே விட்டுட்டுப் போய் டீ குடிக்கிறது.” அவள் சிரித்தாள். “சிரிக்காதீங்க, பகிடி இல்ல. கனபேருக்குத் தானா வந்திருக்கு.”

“எது சீக்கிரம் வரும் டாக்டர்?”

“எல்லாமே மாசக்கணக்குத்தான். வரும்னு எழுதித் தர என்னால ஏலாது. என்ன அவசரம், கல்யாணமா?”

தலையாட்டினாள்.

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

யசோதினி செருப்பைப் பார்த்தாள். டாக்டர் ஊசிக்கு ஒரு துண்டு, மாத்திரைக்கு முன் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். “திங்கக்கிழமை எதுன்னு சொல்லுங்க.”

குட்செட் பஸ் நிலையம் வரை நடந்தாள். லேப்பில் செய்வதைப் போலவே மனதுக்குள் கோடு போட்டு இருபுறமும் எழுதினாள். மாத்திரைப் பக்கம் நிறையச் சேர்ந்தது: கல்யாணப் படம், மாமியார், குழாயடிப் பெண்கள், அம்மாவின் மானம். ஒருமுறை திரும்ப வாசித்தபோது சந்தையருகே நின்றுவிட்டாள். ஒன்றுகூடத் தலைக்கான காரணம் இல்லை. மாத்திரையைக் கேட்டது அம்மா சொன்ன அந்தப் பொய்தான். தலைக்கு ஊசியே போதும்.

முப்பது நாற்பது குத்து. வலிக்கட்டும். மனம் லேசாகி, ரத்தப் பரிசோதனைத் துண்டைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

நிலையத்துத் தேநீர்க் கடையில் மோகனராஜ், மீன் அடைத்த இரண்டு மாலுபணிஸோடு காத்திருந்தான். அவளுடைய கம்பளித் தொப்பியைப் பார்த்ததும், “எங்க நாலாம் வகுப்புப் புள்ள மாதிரியே இருக்கீங்க” என்றான்.

“கிண்டலா?”

“கணக்கு வாத்தியாருக்குக் கிண்டல் வருமா? உள்ளதச் சொன்னேன்.” பணிஸைப் பிட்டான். “அம்மா ஒரு வேல குடுத்து அனுப்பிருக்காங்க. அடுத்த மாசம் எங்க தோட்டத்துல திருவிழா. பால்குடத்துல மொத குடத்த நீங்க எடுக்கணுமாம். முடி குடுத்தவங்க கையிலதான் மொத குடம் குடுக்கிறது எங்க வழக்கம். அம்மா கமிட்டியில சொல்லி உங்க பேரையும் போட்டாச்சு.”

அவள் பணிஸைத் தட்டில் வைத்தாள். “வேற யாரும் இல்லையா?”

“ஒரு அக்கா இருக்காங்க. மக ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சு வந்ததுக்கு முடி குடுத்தவங்க. இந்த வருஷம் அவங்க மொறைதான். உங்களுக்காக விட்டுக் குடுத்துட்டாங்க.”

“கவலைப்பட்டாங்களா?”

“கொஞ்சம். ஆனா ஒண்ணும் சொல்லல.”

வெளியே கண்டக்டர் “ஹேவாஹெட்ட, ஹேவாஹெட்ட” என்று கத்தினான். மோகனராஜ் பாதி எழுந்து பையைத் தோளில் போட்டான். “அப்ப அம்மாகிட்ட சரின்னு சொல்லிரவா?”

“அடுத்த பஸ்ல போங்க” என்றாள் யசோதினி. “உக்காருங்க.”

அவள் அவனை இப்படி ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் ஆச்சரியத்தோடு உட்கார்ந்தான். பக்கத்து மேசையில் நாலு பேர் இருந்தார்கள். காது கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“அந்தக் குடத்த அந்த அக்காவே எடுக்கட்டும். நான் நேர்த்தி வச்சு முடி குடுக்கல. எனக்குப் புழுவெட்டு.”