வீடு சைவம்

முகம்மது ஆரிப் மேடையேறினால் கூட்டம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பாய், பிரியாணி எங்க?" கல்யாண வரவேற்பு, கோவில் கொடை, கடைத் திறப்பு விழா, எதுவாக இருந்தாலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இதைக் கேட்காமல் விடாது. ஆரிப்பும் சிரித்துக்கொண்டே, "வாசல்ல வச்சிட்டுத்தான் வந்தேன், உங்க சித்தப்பா தூக்கிட்டுப் போயிட்டாராம்" என்பான். கைதட்டல் விழும். வருஷக்கணக்காக விழுந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய உலகத்தில் என்னைப் பார்த்தால் இவர்களுக்குச் சோற்று ஞாபகம் மட்டும்தானா வரவேண்டும் என்று உள்ளுக்குள் எரியும். எரிந்து என்ன செய்ய, சிரிக்க வைத்தால்தான் அவனுக்குக் கஞ்சி.

மேடையில் கூட நடிப்பவன் கோமதிசங்கர். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. சங்கர் கேள்வி கேட்பான், ஆரிப் பதில் சொல்வான். ஆரிப்பின் சரக்கு குரல். ஓர் ஆள் பேசுவதை ஒரு தடவை கேட்டால் போதும், அந்த ஆளின் தொண்டையையே கழற்றி மாட்டிக்கொண்டது மாதிரி பேசிக் காட்டுவான். இருமல், செருமல், மூக்குறிஞ்சல் ஒன்றும் தப்பாது.

அவன் மனைவி ரூபியா சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். இப்போது வயிற்றில் ஏழு மாதம். அங்கே இருக்கிற டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வரக்கூடாது என்று. ஏற்கெனவே ஒன்று தங்காமல் போன வயிறு அது. வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், சங்கரன்கோவிலுக்குள் ஒரு வீடு வேண்டும். அரண்மனை இல்லை, இரண்டு அறையும் தண்ணீரும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

அட, வீடா இல்லை ஊரில்? தெருவுக்கு நாலு போர்டு தொங்குகிறது. போனில் கேட்டால் "வாங்க, வந்து பாருங்க" என்பார்கள். பேரைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு அந்த நிமிஷமே வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். என்ன அதிசயமோ, ஆரிப் பேரைச் சொல்லும் நேரம் பார்த்துத்தான் இந்த ஊரில் எல்லாரும் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்! ஒருத்தர் மட்டும் உண்மையைச் சொன்னார். "பாய்மாருக்கு விடுறதில்ல தம்பி" என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்த ஆள்மேல்கூட ஆரிப்புக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கோபம் வந்தது வெள்ளத்துரைமேல்.

வெள்ளத்துரைக்கு ஸ்டேஷன் போகும் வழியில் மாடி வீடு. கீழே அவர் குடியிருப்பு, மேல்மாடி காலி. கேட்டில் போர்டு, "வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்." கோமதிசங்கர்தான் ஆரிப்பைக் கூட்டிக்கொண்டு போனான். மனுஷன் தங்கமாக வரவேற்றார். ஃபேனைப் போட்டார். மாடியைத் திறந்து காட்டினார். காற்று அப்படி வந்தது. ஜன்னலில் நின்று பார்த்தால் ரூபியாவின் ஆஸ்பத்திரியே தெரிந்தது. ஆரிப் மனசுக்குள் தொட்டிலுக்குக் கொக்கி எங்கே அடிப்பது என்றுகூடப் பார்த்துவிட்டான். கீழே இறங்கி வந்து பேரைக் கேட்டார். சொன்னான்.

"அதுக்கில்ல தம்பி" என்று ஆரம்பித்தார் வெள்ளத்துரை. தொண்டையை இரண்டு தடவை செருமினார். "எனக்கு ஒண்ணுமில்ல பாத்துக்கோ. என் கூடப் படிச்சவனே சேக் மைதீன்தான். நோம்புக் கஞ்சி வீடு தேடி வரும். நமக்கு எல்லாரும் ஒண்ணுதான். வீட்டுக்காரிதான் ஒத்துக்கிட மாட்டா. நாங்க சைவம் பாரு."

அந்த வீட்டுக்காரி வெளியே வரவே இல்லை. கோமதிசங்கருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, போன ஞாயித்துக்கெழம கறிக்கடையில என் முன்னாலதானே நின்னீய? நெஞ்செலும்பு கேட்டு அவன்கிட்ட சண்டை போட்டீயளே!"

வெள்ளத்துரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நாங்க சாப்பிடுவோம் தம்பி. வீடு சைவம்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி ஆரிப் இதை ரூபியாவிடம் அவர் குரலிலேயே பேசிக் காட்டினான், சிரிப்பாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே, "செவுரு வந்து சோறு திங்கவா செய்யுது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவுக்கு இவர்கள் நிகழ்ச்சி புக் ஆனது. கல்யாண மண்டபத்தில், சாயங்காலம், குடும்பத்தோடு. போனில் பேசிய ஆள், "அந்தப் பாய் பிரியாணி காமெடி கண்டிப்பா வேணும், நம்ம பொருளாளர் வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு அதுன்னா உசுரு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஆரிப்புக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "ஏலே சங்கரு, இந்தத் தடவை நீ பாய். நான் வீட்டுக்காரன்" என்றான்.

"வேண்டாம் மாப்ள. முன்வரிசை பூரா வீட்டுக்காரனுவதான் இருப்பான். பொழப்பு போயிரும்."

"பொழப்பு இருந்து எங்கன குடியிருக்க? மேடையிலயா?"

கோமதிசங்கர் நகத்தைக் கடித்தான். பிறகு தொப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ரூபியா டூட்டி முடிந்து நேரே வந்து பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் வெள்ளத்துரையும், பக்கத்தில் இரும்புக்கடை சங்கரலிங்கமும். சங்கரலிங்கத்துக்கு ஊரில் நாலு வீடு வாடகைக்கு. அவரும் ஆரிப்பிடம் "அதுக்கில்ல தம்பி" சொன்னவர்தான்.

திரை விலகியது. தொப்பியோடு கோமதிசங்கர் வர, "பாய், பிரியாணி எங்க?" என்று பின்னாலிருந்து வழக்கமான சத்தம். அவன் பதில் சொல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டு வீடு கேட்டான். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு ஆரிப் வந்தான். இரண்டு தடவை செருமினான். "அதுக்கில்ல தம்பி" என்றான்.

மண்டபம் அப்போதே குலுங்கியது. ஆரிப் விடவில்லை. எனக்கு ஒண்ணுமில்ல என்றான், சேக் மைதீன் என்றான், நோன்புக் கஞ்சி என்றான். "அண்ணாச்சி, அந்தச் சேக் மைதீனு இப்ப எங்கன குடியிருக்காக?" என்று பாய் கேட்க, "அவனும் ஒரு நாள் வீடு கேட்டான். அதுல இருந்து நாங்க பேசிக்கிடுறதில்ல" என்றார் வீட்டுக்காரர். பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "நாங்க சாப்பிடுவோம் தம்பி. வீடு சைவம்" என்றதும் பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியிலிருந்து விழுந்தேவிட்டான். "அப்ப மாடிப்படி?" "அதுவும் சைவம்." "பாத்ரூமு?" "அது விரதம்!"

கடைசியாக ஒரு வரி இருந்தது. அதை ஆரிப் சொல்லக்கூடாது என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆரிப் சொன்னால் விடிவதற்குள் அது ஊரெல்லாம் போனில் சுற்றும், வீட்டுக்குக் கல் வரும். கோமதிசங்கர் சொன்னால் ஜோக். நல்ல ஊர், நல்ல நியாயம்! கோமதிசங்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணாச்சி, நம்ம ஊரு கோவில்ல ரெண்டு சாமி ஒரே ஒடம்புல குடியிருக்கு. இந்தப் பக்கம் சிவன், அந்தப் பக்கம் பெருமாளு. நடுவுல சுவரு கிடையாது. நீங்க மாடியைத் தரமாட்டேங்கீயளே!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது.

வெள்ளத்துரை தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டே சங்கரலிங்கத்தை முழங்கையால் இடித்து, மேடையைக் காட்டி, "நீதாம்வே அது!" என்றார். சங்கரலிங்கம், "போம்வே, அப்படியே உம்ம குரலு!" என்று திருப்பி இடித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் இருவரையும் காட்டிச் சிரித்தார். இப்படி வரிசை முழுக்க ஒவ்வொருத்தனும் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துச் சிரித்தானே ஒழிய, தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தவன் ஒருத்தன் இல்லை.

ஆரிப் மேடையிலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்தான். தேடித் தேடி, வார்த்தை வார்த்தையாகச் செதுக்கி ஓர் அறை கொடுத்தால், இவர்கள் அதையும் சந்தனம் மாதிரி பூசிக்கொண்டு போகிறார்களே! இத்தனை பேர் சிரித்தும் தன் மனைவி நாளைக்குக் காலையில் அதே பஸ்ஸில்தான் வரப்போகிறாள். கைதட்டலைக் கொண்டுபோய் எந்த வீட்டில் குடியிருப்பது?

வழக்கப்படி பொன்னாடை போர்த்த வெள்ளத்துரை மேடைக்கு வந்தார். மைக்கை வாங்கினார். "அருமை, அருமை! நம்ம ஊருலயும் சில பேரு இப்படி இருக்கத்தான் செய்யுதானுவ. அவனுகளுக்கெல்லாம் நல்லா உறைக்கிற மாதிரி சொன்னாரு நம்ம பாய்" என்று சங்கரலிங்கத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். சிரிப்பு. பொன்னாடையை ஆரிப் தோளில் போட்டார்.

ஆரிப் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான். இது ஒத்திகையில் இல்லை. கோமதிசங்கரின் முகம் வெளிறியது.

"அண்ணாச்சி, உங்க மாடி இன்னும் காலியாத்தானே இருக்கு? எனக்குத் தாறீயளா? என் வீட்டுக்காரி அந்தா மூணாவது வரிசையில இருக்கா. ஏழு மாசம்."

நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் கூட்டம் ஓவென்று கத்தியது. "குடுங்க அண்ணாச்சி! குடுங்க!" என்று நாலா பக்கமும் சத்தம். போன்கள் எல்லாம் மேலே வந்தன. வெள்ளத்துரை நாலு பக்கமும் பார்த்தார். பொருளாளர் பதவிக்கு அடுத்த மாதம் தேர்தல் வேறு. நெஞ்சை நிமிர்த்தினார்.

"தாரேன் தம்பி! நாளைக்கே வந்து பால் காய்ச்சு!"

விசில் பறந்தது. மண்டபமே எழுந்து நின்று தட்டியது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஒரு கூட்டம் கைதட்டுவதைப் பார்க்கவேண்டுமானால் அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும். மூன்றாவது வரிசையில் ரூபியா ஒரு கையை இடுப்பில் ஊன்றி எழுந்து நின்றாள். மற்ற கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று ஆரிப்புக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள்.

வெள்ளத்துரை ஆரிப்பைக் கட்டிப்பிடித்தார். போன்களுக்கு நன்றாக முகத்தைக் காட்டிக்கொண்டே காதோடு சொன்னார், "மேடைக்காகச் சொன்னேன் பாத்துக்கோ. நாளைக்கு வீட்டுப் பக்கம் வந்துராத. வீட்டுக்காரி வெளக்குமாத்தோட நிப்பா." முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு விலகினார்.

ஆரிப் ரூபியாவைப் பார்த்தான். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனால் அடுத்த வருஷமும் இந்த மேடை உண்டு. வழியில் அவளிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். சிரிக்க வைக்கிறவனுக்குப் பொய் சொல்லவா வராது?

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இரண்டு தடவை செருமினான்.

"மேடைக்காகச் சொன்னேன் பாத்துக்கோ. நாளைக்கு வீட்டுப் பக்கம் வந்துராத. வீட்டுக்காரி வெளக்குமாத்தோட நிப்பா."

மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் வெள்ளத்துரையின் குரல். அவர் வாயோ மூடியிருந்தது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அது முன்னால் வந்து சேருவதற்குள் வெள்ளத்துரை பாய்ந்து மைக்கைப் பிடுங்க வந்தார்.

"ஏலே! காதுக்குள்ள சொன்னதை மைக்குல சொல்லுவியால?"

அவ்வளவுதான். அவருடைய சொந்த வாயாலேயே, சொந்தக் குரலிலேயே, எல்லார் போனிலும் பதிவாகிவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். ரூபியா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். வீடு போய்விட்டது, இந்த ஊரில் இனி எந்த வீடும் கிடைக்காது, மேடையும் கிடைக்காது. ஆரிப்புக்கு எல்லாம் தெரிந்தது. மைக்கை மட்டும் அவன் விடவில்லை.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் எழுந்தார். யாரென்று ஆரிப்புக்குத் தெரியவில்லை. வெள்ளத்துரையின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவர் மனைவி ராஜகுமாரி.

"நான் எப்பங்க சொன்னேன்?" என்றார். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "மாடிக்கு யாரு வாரா, யாரு போறான்னு என்னைக்காவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கீயளா?"

"ஏட்டி, உக்காரு. வீட்டுல போய்ப் பேசுவோம்."

"வீட்டுல எங்க பேச விட்டீய? இங்கனயே சொல்லுங்க. என் பேரைச் சொல்லி இதுவரைக்கும் எத்தனை பேரை வெரட்டியிருக்கீய?"

வெள்ளத்துரை கோமதிசங்கரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். உதவிக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஆரிப் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினான். கை வலித்தது. அவன் இறக்கவில்லை.