சம்பந்தி சுமந்த பை

என் சம்பந்திக்குச் சுத்தம் என்றால் உயிர். பேருந்து இருக்கையைத் துடைத்து, துடைத்த கைக்குட்டையையும் அலசிவிட்டுத்தான் உட்காருவார். நான் வாய் வைத்த தண்ணீர் பாட்டிலை, எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவருக்கு மலை உச்சியில் இருக்கும் பனி ஏரியைப் பார்த்துவிட வேண்டுமென்று வாலிபத்திலிருந்தே ஆசை. அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மலைப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெட்டியாகக் கிடந்த என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினார்.

அடிவாரத்தில் ஆளுக்கொரு தடித்த பை கொடுத்தார்கள். மலையில் வயிறு எதைக் கழித்தாலும் அதில் போட்டுக் கட்டி, கூடவே சுமந்து, இறங்கிவந்து ஒப்படைக்க வேண்டுமாம். யாரோ புண்ணியவான்கள் ஏரிக்கரையையே கழிப்பறையாக்கியதால் வந்த சட்டம். சம்பந்தியின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போலானது.

நடுவழி முகாமில் தங்கினோம். முகாமா அது? ஊரிலுள்ள காலுறையெல்லாம் ஒரே கொடியில் தொங்கியது. அந்த வாடைக்கு மேகமே வேறு வழியாகப் போனது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் கால் கொப்புளத்தைப் பிதுக்கிய கையாலேயே ரொட்டியைப் பிய்த்து எனக்கும் நீட்டினார். நானே அதை வேண்டாமென்று தள்ளிவிட்டேன் என்றால் சம்பந்தியைக் கேட்கவா வேண்டும்? அனைத்தையும் அடக்கிக்கொண்டு கல்லாகக் கிடந்தார். நான் விடிந்ததும் பாறை மறைவுக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் பங்கைப் பையில் இறக்கிக் கட்டினேன். அருவருப்புக்கும் எடை உண்டென்று அதைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

உச்சிக்குப் போகும் வாசலில் வரிசை. வனக்காவலர் ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். முன்னால் நின்றவரின் பை காலி.

"நேத்திலேருந்து காத்தையா சாப்பிட்டீங்க? எந்தப் பாறைக்குப் பின்னாடி வெச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டு, அவரை மேலே விடாமல் திருப்பி அனுப்பினார்.

சம்பந்தி மடிப்புக் கலையாத தன் பையைப் பார்த்தார்.

"அடக்கி வெச்சது தப்பாப் போச்சே சம்பந்தி. இப்ப முக்கினாலும் வராது."

அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. என் பையை நீட்டினேன். என் பாட்டிலைத் தொடாத மனிதர், பச்சைப் பிள்ளையை வாங்குவது போல அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டு தன் காலிப் பையை என்னிடம் தள்ளினார்.

அவர் தேறிவிட்டார். அடுத்து நான். மலையை மொத்தமாக நாறடித்தவனே நான்தான் என்பது போலக் காவலர் கிழித்துத் தொங்கவிட்டு, மேலே விடாமல் ஓரமாக நிறுத்தினார். வரிசையே மூக்கைப் பொத்திக்கொண்டது. சம்பந்தி நின்று, நிதானமாகத் திரும்பினார்.

"வயசானா மட்டும் போதுமா சார்? சுத்தம்னா என்னன்னு சில பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது."

சொல்லிவிட்டு என் சரக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிப் போனார்.

சாயங்காலம், நான் காத்திருந்த வாசலுக்குத் திரும்பியபோது அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஏரியைக் கண்டதும் நெஞ்சு இளகிவிட்டதாம். நெஞ்சோடு வயிறும் இளகிவிட்டதாம். கைவசம் இருந்ததோ ஒரே பை. பூசணிக்காய் போல உப்பியிருந்த அதை என் மடியில் வைத்தார்.

"ஏறும்போது நான் தூக்கினேன். இறங்கும்போது நீங்க தூக்குங்க. பாதி உங்களுதுதானே."

பிள்ளைகளின் கல்யாணத்தன்றுகூட எங்கள் இரு குடும்பமும் இப்படி ஒன்றாகக் கலந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுமந்தேன். பாதி வழியில் சம்பந்தி என் பாட்டிலை உரிமையோடு பிடுங்கி, வாய் வைத்தே குடித்துவிட்டு நீட்டினார்.

மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டேன். ஏரியிலிருந்து வந்தவர் கை கழுவி நான் பார்க்கவில்லை.