சம்பந்தி பார்த்த மூளை

எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்ப்பது பெண்ணின் அம்மாவுடைய மூளையைத்தான். பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேன் சென்டர் ஹாலிலேயே பெரிய திரை, அங்கேயே பஜ்ஜி. காந்தம் இழுத்துவிடும் என்பதால் டம்ளர் கிடையாது, காகிதக் கோப்பையில் காபி. தாலிக்கொடியைக் கழற்றி என் கணவர் சபேசனிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறோடு குழாய்க்குள் போய்ப் படுத்தேன்.

என் மகள் மிருதுளா தானாக வாயைத் திறந்து "பிடிச்சிருக்கு" என்று சொன்ன முதல் பையன் இவன். அதனால் அசையாமல் படுத்திருந்தேன்.

மைக்கில் டெக்னீஷியன் பெண் சொன்னாள். "ஆன்ட்டி, சம்பந்தி வீட்டைப் பத்தி நல்லதா ஒண்ணு நினைங்க."

கான்வென்ட்டில் மதர் முன்னால் நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நினைத்தேன்.

"ரத்தம் நகரவே இல்லையே. சரி, குறை ஏதாவது?"

ஸ்கேனுக்கு நாள் குறிக்க வீட்டுக்கு வந்த அன்று, பையனின் அம்மா வத்சலா பஜ்ஜி எண்ணெயை எங்கள் சோபா உறையில் துடைத்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். திரை முழுக்கச் சிவந்துவிட்டதாம். இரண்டு குடும்பமும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது.

வெளியே வந்தேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

டெக்னீஷியன் பெண் சொன்னாள். "ஆன்ட்டி, உங்க ரத்தம் கொண்டுவர்ற ஆக்சிஜன் மாதிரி ரெண்டு மடங்கு செலவு பண்றீங்க. கூடுதலா எடுக்கறது அங்கிளோடது."

சபேசன் தாலிக்கொடியைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தார். உதடு லேசாக நீலம். இந்த மனிதரையா ஊரெல்லாம் மந்தம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்?

வத்சலா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். "பொண்ணும் இப்படித்தானே இருப்பா? என் பையன் தாங்குவானா?"

மிருதுளா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பையன்தான் பேசினான். "ஆபீஸ்ல நான் மூளையை அவ்வளவா உபயோகிக்கறதில்லம்மா. ஆக்சிஜன் நெறைய மிச்சம் இருக்கு."

அவனையும் படுக்கவைத்து அளந்தார்கள். உண்மைதான், நிறையவே இருந்தது. அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டோம். எனக்குப் பட்டுப்புடவை, சபேசனுக்கு ஆக்சிஜனுக்காக ஒரு கற்பூரவல்லிக் கிளை. வத்சலாவே மண் போட்டு அவர் சட்டைப்பையில் நட்டாள். அவளுடைய கணவர் பையில் ஏற்கெனவே ஒன்று புதராக வளர்ந்திருந்தது.

"வேர் பிடிக்கிறவரைக்கும் நீங்க எதையும் நினைக்காம இருக்கணும்" என்றாள்.

தலையாட்டினேன். சும்மா இருக்காமல், அசல் ஜரிகைதானா என்று புடவையின் பார்டரைப் புரட்டிப் பார்த்தேன்.

சட்டைப்பையில் ஓர் இலை வாடிச் சாய்ந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனேன்.